மாஸ்கோ போகாத கதையும் குவைத் போன கதையும்: மலேசியக் காற்பந்து அணி, 1980

என் சித்தப்பாவிடம் ‘அந்த ஆட்டம்’ என்று சொன்னால் போதும், எந்த ஆட்டம் என்று கேட்கமாட்டார். கிள்ளானிலிருந்து கூட்டாளிகள் மூன்று பேரோடு பஸ் ஏறி, புடுராயாவில் இறங்கி, மேட்டில் ஏறி மெர்டேக்கா அரங்கத்துக்கு நடந்த கதை முதலில் வரும். அப்புறம் கூட்டத்தில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்த கதை. அப்புறம் கொரியாவுக்கு எதிராக ஹசான் சானி பந்தை எடுத்துக்கொண்டு ஓடியது, ஜேம்ஸ் வோங் அதை வலைக்குள் தள்ளியது, அரங்கமே குலுங்கியது. கடைசியில் ஒரு பெருமூச்சு. “மாஸ்கோவுக்கு மட்டும் விட்டிருந்தானுங்கன்னா...” என்பார். வாக்கியம் அங்கேயே நின்றுவிடும். நாற்பது வருஷத்துக்கு மேலாக அங்கேயேதான் நிற்கிறது.

சில மாதங்களுக்கு முன் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். கதை பெருமூச்சு வரைக்கும் வந்ததும் நான் குறுக்கே கேட்டேன்: “சித்தப்பா, அதே வருஷம் செப்டம்பர்ல குவைத்துல என்னாச்சு?”

ரசத்துக்குக் குழித்த கை அப்படியே நின்றது. “குவைத்தா? அங்க எதுக்குடா போனோம்?”

இந்த ஆய்வுக்கு அந்தப் பதில்தான் தொடக்கம். 1980இல் மலேசியா இரண்டு பெரிய போட்டிகளுக்குத் தகுதி பெற்றிருந்தது. ஒன்று மாஸ்கோ ஒலிம்பிக், நாடு அதைப் புறக்கணித்ததால் போகவில்லை. இன்னொன்று குவைத்தில் நடந்த ஆசியக் கிண்ணம், அதற்குப் போனது. போகாத போட்டியின் கதை திரைப்படமாகவே வந்துவிட்டது, சாப்பாட்டுக் கடைகளில் இன்னும் ஓடுகிறது. போன போட்டியைப் பற்றி மூச்சு இல்லை. ஓர் அணியின் தரத்தை அளக்க அது ஆடிய ஆட்டங்கள்தானே உதவும்? மாஸ்கோ கை நழுவியது நமக்கு ஒரு விதத்தில் வசதியாகப் போய்விட்டதோ என்பது என் நெடுநாள் சந்தேகம்.

சியோலில் தொடங்கியது

1980ஐ மட்டும் தனியாக வெட்டி எடுத்துப் பார்த்தால் அது அதிசயம் மாதிரி தெரியும். ஒன்பது வருஷம் பின்னால் போனால் அப்படித் தெரியாது.

1971இல் மியூனிக் ஒலிம்பிக்கிற்கான தகுதிச் சுற்று சியோலில் நடந்தது. தென் கொரியா, ஜப்பான், தைவான், பிலிப்பைன்ஸ், மலேசியா ஆகியவை ஒரே குழு. இடம் ஒன்றுதான். ஜப்பான் 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய நாடு, கொரியாவுக்கோ சொந்த ஊர். மலேசியா ஜப்பானை 3–0 என்று சாய்த்தது. கொரியாவை அவர்கள் வீட்டிலேயே 1–0 என்று வென்றது. சையது அகமது போட்ட அந்த ஒரு கோல் ஒரு நாட்டை ஒலிம்பிக்கிற்கு அனுப்பியது. அணித் தலைவர் எம். சந்திரன். தமிழ் வீடுகளில் இந்தப் பெயரை இன்னும் கொஞ்சம் அடிக்கடி சொல்லியிருக்கலாம்.

மியூனிக்கில் மூன்று ஆட்டங்கள். போட்டியை நடத்திய மேற்கு ஜெர்மனியிடம் 0–3, அமெரிக்காவுக்கு எதிராக 3–0 வெற்றி, மொரோக்கோவிடம் 0–6. ஒலிம்பிக் காற்பந்தில் மலேசியாவின் கணக்கு இன்றுவரைக்கும் இந்த மூன்று ஆட்டங்களோடு முடிகிறது. அந்த அணியில் பினாங்கின் வாசனை தூக்கலாக இருந்தது: ஷாஹாருடின் அப்துல்லா, நாமாட் அப்துல்லா, பக்கார் குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டு வருஷம் கழித்து 1974இல் பினாங்கு மலேசியக் கிண்ணத்தை வென்றதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மாநில அணி தேறினால் தேசிய அணிக்கும் ஆள் கிடைக்கும். அன்றைக்கு இருந்த ஏற்பாடு அவ்வளவுதான்.

1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம். 1976இல் அதே தெஹ்ரானில் ஆசியக் கிண்ணம்: குவைத்திடம் 0–2 தோல்வி, சீனாவோடு 1–1. 1977, 1979 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டிகளில் தங்கம். இப்படிப் பார்த்தால் 1980 ஏப்ரல் ஒரு படிக்கட்டின் மேல்படிதான். கீழ்ப்படியில் நின்ற ஒருவர் மேல்படியிலும் நின்றார்: சோ சின் ஆன். மியூனிக்கில் இளைஞராக ஆடியவர், கோலாலம்பூரில் அணித் தலைவர். கூட்டாளிகளுக்கு ‘தவுக்கே’, அதாவது முதலாளி.

பகலில் வேலை, சாயங்காலம் பந்து

அந்த ஆட்டக்காரர்களில் யாரும் பந்தை உதைத்தே பிழைக்கவில்லை. நம் நாட்டில் அரைத் தொழில்முறை லீக் வந்ததே 1989இல்தான். அதுவரை வங்கி, மின்சார வாரியம், போலீஸ், இராணுவம், மாநிலக் கழகங்கள் என்று எங்காவது ஒரு வேலை இருக்கும். சாயங்காலமானால் திடல்.

அப்படியானால் ஆசியாவின் பெரிய அணிகளை எப்படி வென்றார்கள்? ‘மனவலிமை’, ‘ஒற்றுமை’ என்று பதில் சொல்லி முடித்துக்கொள்வது நம் வழக்கம். ஒற்றுமை இருந்தது உண்மைதான். ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், ஒரு தமிழர், ஒரு சீக்கியர் என்று எண்ணிப் பார்த்து நெகிழ்வதற்கு அந்த அணி நல்ல வாய்ப்பு. ஆனால் ஒற்றுமை மட்டும் தற்காப்பு ஆடாது. எனக்குக் கண்ணில் படும் காரணங்கள் வேறு.

முதலாவது மெர்டேக்கா போட்டி. 1957இல் சுதந்திரத்தோடு தொடங்கி வருஷா வருஷம் நடந்தது. கொரியா, பர்மா, ஜப்பான், இந்தோனேசியா என்று ஆசியாவின் பெரிய அணிகள் நம் ஊருக்கே வந்து, நம் வெயிலில், நம் திடலில் ஆடிவிட்டுப் போகும். 1974லும் 1976லும் மலேசியாவே வென்றது, 1970களின் பிற்பாதியில் கொரியாவின் கைதான் ஓங்கியிருந்தது. அதனால் என்ன? ஒரு கொரிய முன்னணி ஆட்டக்காரர் எந்தக் காலில் திரும்புவார் என்று நம் தற்காப்புக்காரருக்கு மனப்பாடமாகியிருக்கும். இன்றைக்கு ஆள் வைத்து, காணொளி வெட்டி, கணினியில் போட்டுப் பார்க்கும் வேலையை அன்றைக்கு அந்தப் போட்டி சும்மாவே செய்துகொடுத்தது.

இரண்டாவது, பின்வரிசையின் பழக்கம். கோல் காவலர் ஆர். ஆறுமுகமும் நடுத் தற்காப்பில் நின்ற சந்தோக் சிங்கும் சிலாங்கூர் அணியில் ஒன்றாக ஆடியவர்கள். 1978லும் 1979லும் மலேசியக் கிண்ணம் சிலாங்கூருக்குத்தான். தேசிய முகாமுக்கு வந்துதான் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வேண்டும் என்கிற நிலை அவர்களுக்கு இல்லை. முன்னால் சபா மாநிலத்திலிருந்து வந்த இருவர், ஹசான் சானியும் ஜேம்ஸ் வோங்கும். அவர்களும் ஊரில் ஒன்றாக ஆடியவர்கள். ஹசான் சானியின் வேகத்துக்கு மலாய்க்காரர்கள் ‘லிபாஸ் கூடோங்’ என்று பட்டம் வைத்தார்கள். மலாயில் அது மின்னல் வேகக்காரரைச் சொல்லும் மரபுத்தொடர். பட்டத்துக்கு அவர் துரோகம் செய்யவில்லை.

மூன்றாவது, பயிற்றுநர் கார்ல்ஹைன்ஸ் வைகாங். ஜெர்மன்காரர், ஆனால் மெர்டேக்கா அரங்கம் அவருக்குப் புதிதில்லை. 1966இல் தென் வியட்நாம் அணியை இதே ஊருக்குக் கூட்டிவந்து மெர்டேக்கா கிண்ணத்தை வென்று போனவர். பின்னாளில் பேராக் அணியோடு மலேசியக் கிண்ணத்தை 1998இல் வென்றார். 2017இல் காலமானார். ‘வெளிநாட்டுப் பயிற்றுநர்’ என்று இன்றைக்கு நாம் சொல்லும்போது ஒப்பந்தம் முடிந்ததும் விமானம் ஏறுபவர் நினைவுக்கு வருகிறார். வைகாங் அந்த வகையில் அடங்கமாட்டார்.

ஆறுமுகத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நீண்ட கைகள், ஒல்லி உடம்பு, ‘ஸ்பைடர்மேன்’ என்ற பட்டம். தோட்டப்புறங்களில் இரண்டு செருப்பை நட்டு கோல் போட்டு ஆடிய பையன்களில் பாதிப் பேர் ஆறுமுகம் ஆக வேண்டும் என்றுதான் சண்டை போட்டார்கள். வழக்கமாக கோல் காவலர் வேலையை யாரும் கேட்டு வாங்குவதில்லை, ஓடமுடியாதவன் தலையில்தான் கட்டுவார்கள். அந்த வழக்கத்தையே மாற்றியவர் அவர். 1988 டிசம்பரில் கார் விபத்தில் இறந்தபோது வயது 35. சித்தப்பா அன்று வேலைக்குப் போகவில்லையாம்.

ஒரே எதிரியை இரண்டு முறை

1980 தகுதிச் சுற்றின் அமைப்பைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் அந்த வெற்றியின் எடை தெரியும். பலபேர் கடைசி ஆட்டத்தை மட்டும் சொல்கிறார்கள்.

ஆசியாவுக்கு மூன்று இடங்கள், மூன்று குழுக்கள். நம் குழு மார்ச் கடைசியில் கோலாலம்பூரில் கூடியது: மலேசியா, தென் கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, புருணை, பிலிப்பைன்ஸ். எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும். அதோடு முடிவதில்லை. முதல் இரண்டு இடம் பெற்றவர்கள் மறுபடியும் மோத வேண்டும், அதில் வெல்பவருக்கே மாஸ்கோ. குழுவில் முதலிடம் பிடித்தவருக்கு எந்தச் சலுகையும் கிடையாது.

மலேசியா குழு ஆட்டங்களில் தோற்கவே இல்லை. ஜப்பானோடு மட்டும் 1–1. கொரியாவை 3–0 என்று அடித்தது. இன்றைய கணக்கில் பார்த்தால் அந்த இடத்திலேயே பயணச்சீட்டு வாங்கியிருக்கலாம். ஆனால் விதி அப்படியில்லை. மூன்று கோல் வாங்கி அவமானப்பட்ட கொரியா, பாடம் படித்துவிட்டு ஏப்ரல் 6ஆம் தேதி மறுபடியும் எதிரே வந்து நின்றது. ஏற்கெனவே வென்ற அணியை இரண்டே வாரத்துக்குள் திரும்பவும் வெல்வது எவ்வளவு சிரமம் என்று பந்து ஆடியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். முதல் ஆட்டத்தில் உங்களுக்கு இழக்க ஒன்றும் இல்லை. இரண்டாவதில் எல்லாம் இருக்கிறது.

2–1. கொரியா சமன் செய்த பிறகு கடைசி நிமிடங்களில் ஹசான் சானியின் ஓட்டம், ஜேம்ஸ் வோங்கின் முடிப்பு. சித்தப்பா இங்கே எழுந்து நின்று காட்டுவார், நான் அதை எழுத்தில் செய்ய முயற்சிக்கப் போவதில்லை.

ஒரு விஷயத்தை நேர்மையாகப் பதிவு செய்துவிட வேண்டும். கொரியாவின் அன்றைய மிகப்பெரிய ஆட்டக்காரர் சா பும் குன் அந்த அணியில் இல்லை. அவர் ஜெர்மனியில் ஐன்ட்ராக்ட் ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குத் தொழில்முறையாக ஆடிக்கொண்டிருந்தார். அடுத்த மாதமே அந்த அணி ஐரோப்பாவின் யூஏஃபா கிண்ணத்தை வென்றது. ஒலிம்பிக் என்பது அன்று தொழில்முறை அல்லாதவர்களுக்கான போட்டி. நாம் வென்றது சா பும் குன் இல்லாத கொரியாவை. இதைச் சொன்னால் சித்தப்பாவுக்குக் கோபம் வரும், “இருக்கறவன வெச்சுத்தானடா ஆடணும்” என்பார். அதுவும் நியாயம்தான்.

கதவு மூடிய விதம்

1979 டிசம்பர் கடைசியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. ஜனவரியில் அமெரிக்க அதிபர் கார்ட்டர் மாஸ்கோவைப் புறக்கணிக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். அதே மாதம் இஸ்லாமாபாத்தில் கூடிய இஸ்லாமிய நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் படையெடுப்பைக் கண்டித்தார்கள், ஒலிம்பிக்கில் கலந்துகொள்வதை மறுபரிசீலனை செய்யும்படி உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டார்கள். ஆக, நம் பிள்ளைகள் மார்ச்சில் திடலில் இறங்கும்போதே இந்தப் பேச்சு காற்றில் இருந்தது. ஜெயித்த பிறகு திடீரென்று யாரோ கதவைச் சாத்திவிட்டார்கள் என்பது நாம் பின்னால் சேர்த்துக்கொண்ட நாடகம்.

‘அமெரிக்கா சொன்னது, நாம் தலையாட்டினோம்’ என்பதும் பாதிக் கதை. பிரதமர் ஹுசேன் ஓன் அரசாங்கத்துக்கு ஆப்கானிஸ்தான் ஏதோ தூரத்து ஊராக இருந்திருக்க முடியாது. 1978 டிசம்பர் கடைசியில்தான் சோவியத்தின் ஆதரவு பெற்ற வியட்நாம் கம்போடியாவுக்குள் போயிருந்தது. திரெங்கானு கரையில் படகு படகாக அகதிகள் வந்து இறங்கினார்கள், பூலாவ் பிடோங் தீவு நிரம்பி வழிந்தது. பெரிய நாடு சிறிய நாட்டுக்குள் நுழைவது என்றால் என்ன என்று நம் கிழக்குக் கரைக்காரர்கள் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்த காலம். அந்த முடிவு சரியா தவறா என்று இங்கே தீர்ப்பு எழுதப் போவதில்லை. ஆனால் அதற்குக் காரணம் நம் வாசலிலேயே இருந்தது.

ஆட்டக்காரர்களின் பக்கம் நின்று பார்த்தால் இந்தக் காரணம் எதுவும் ஆறுதல் தராது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நாம் போகாத மாஸ்கோ

16 அணிகளில் ஏழு அணிகள் மாற்று அணிகள். மலேசியாவின் இடத்தில் ஈராக், ஈரானின் இடத்தில் சிரியா, அமெரிக்காவின் இடத்தில் கியூபா, நோர்வேயின் இடத்தில் பின்லாந்து, அர்ஜென்டினாவின் இடத்தில் வெனிசுவேலா, கானா, எகிப்து இடங்களில் நைஜீரியா, சாம்பியா. ஆசியாவில் முறையாகத் தகுதி பெற்ற மூன்று நாடுகளில் குவைத் ஒன்றுதான் போய்ச் சேர்ந்தது.

நம் இடத்தில் போன ஈராக் கோஸ்டாரிகாவை 3–0 என்று வென்று, பின்லாந்தோடும் யூகோஸ்லாவியாவோடும் சமன் செய்து கால் இறுதிக்கு வந்தது, அங்கே கிழக்கு ஜெர்மனியிடம் 0–4 என்று தோற்றது. சித்தப்பா தலைமுறைக்கு இது போதும். ‘ஈராக்கே கால் இறுதின்னா நாம எங்க போயிருப்போம்?’ என்று கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். அந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது. ஈராக் தன் குழுவின் தகுதிச் சுற்று இறுதியில் குவைத்திடம் 2–3 என்று தோற்ற அணி. அந்தக் குவைத்தும் மாஸ்கோவில் கால் இறுதி வரை போய் சோவியத் யூனியனிடம் 1–2 என்றுதான் வீழ்ந்தது. மேற்காசிய அணிகள் அப்போது எங்கே நின்றன என்பதைத்தான் இது காட்டுகிறது. மலேசியா எங்கே நின்றது என்று தெரிய, மலேசியா குவைத்தோடு மோத வேண்டும்.

(இடையில் ஒரு சிறு செய்தி. அதே மாஸ்கோவில், பல பெரிய அணிகள் வராத ஹாக்கிப் போட்டியில் இந்தியா தங்கம் வாங்கியது. அணித் தலைவர் சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன். ‘ஆள் இல்லாத போட்டி’ என்று சொல்லி அந்தத் தங்கத்தை யாரும் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை.)

மோதியும் இருக்கிறது. அதுதான் குவைத்.

செப்டம்பர் 1980

ஆசியக் கிண்ணத்தில் அப்போது மொத்தமே பத்து அணிகள். ஐந்து ஐந்தாக இரண்டு குழுக்கள், ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிகள் அரை இறுதிக்கு. மலேசியாவின் குழுவில் போட்டியை நடத்திய குவைத், ஐந்து மாதத்துக்கு முன் நாம் அழவைத்து அனுப்பிய தென் கொரியா, கத்தார், ஐக்கிய அரபு சிற்றரசுகள். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே செப்டம்பர் 22ஆம் தேதி பக்கத்து வீட்டில் ஈரான்–ஈராக் போர் வெடித்தது. ஈரான் அணி குவைத்தில் ஆடிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு சூழ்நிலையில் நடந்த போட்டி நம் நினைவிலிருந்து எப்படி அழிந்தது என்பதே ஒரு தனி ஆச்சரியம்.

கொரியாவோடு 1–1. ஐக்கிய அரபு சிற்றரசுகளுக்கு எதிராக 2–0 வெற்றி. கத்தாரோடு 1–1. குவைத்திடம் 1–3 தோல்வி. வெற்றிக்கு இரண்டு புள்ளி என்ற அந்தக் காலக் கணக்கில் மலேசியாவுக்கு நான்கு புள்ளிகள், குவைத்துக்கு ஐந்து. ஒரு புள்ளி பின்னால், மூன்றாவது இடம். அரை இறுதிக் கதவு அங்கே நின்றது.

குவைத் அந்தக் கிண்ணத்தை வென்றது, இறுதி ஆட்டத்தில் கொரியாவை 3–0 என்று தோற்கடித்து. அதாவது மலேசியா தோற்றது வெற்றியாளரிடம், சமன் செய்தது இரண்டாமிடம் பெற்றவரோடு. இது எந்த விதத்தில் வெட்கப்பட வேண்டிய மதிப்பெண்? ஆசியாவில் முதல் ஐந்து, ஆறு இடங்களுக்குள் நிற்கும் அணி, வளைகுடாவின் புதுப் பணமும் புதுப் பயிற்றுநர்களும் வளர்த்துவிட்ட அணிகளுக்கு ஒரு படி கீழே. அவ்வளவு தெளிவாக விடை எழுதியிருக்கிறது. குவைத்தின் அந்த அணிதான் 1982இல் ஸ்பெயினில் உலகக் கிண்ணம் ஆடியது.

ஆனால் இந்த மதிப்பெண் தாளை நாம் சுவரில் மாட்டவில்லை. மாஸ்கோ என்ற வெற்றுச் சட்டத்தைத்தான் மாட்டினோம். வெற்றுச் சட்டத்துக்குள் எந்தப் படத்தையும் வைத்துப் பார்க்கலாமே, தங்கம்கூட! கத்தாரோடு ஏன் 1–1, வளைகுடா அணிகளுக்கு எதிராக நடுத்திடலில் என்ன குறை, சோ சின் ஆனுக்குப் பிறகு யார், என்று கேட்டிருக்க வேண்டிய வருஷம் 1981. கேள்வியே எழாமல் போனதற்கு ‘விட்டிருந்தா’ என்ற சொல்லும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போனது

அடுத்து வந்த வருஷங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 1985 மார்ச்சில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் மலேசியா கொரியாவை கோலாலம்பூரில் 1–0 என்று வென்றது, மே மாதம் சியோலில் 0–2 என்று தோற்றது. கொரியா மெக்சிகோ போனது, அதற்குப் பிறகு உலகக் கிண்ணத்தை அது தவறவிட்டதே இல்லை. நாம் 1990களின் நடுவில் ஆட்ட நிர்ணய ஊழலில் சிக்கினோம், நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரணைக்கு உள்ளானார்கள். பெரிய போட்டிகள் நிறைந்த நாட்காட்டியில் மெர்டேக்கா போட்டி மங்கியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களான இடங்களில் திடல்களும் போயின. எங்கள் பழைய தோட்டத் திடலின் மேல் இப்போது ஒரு பெட்ரோல் நிலையம் நிற்கிறது. 2007இல் ஆசியக் கிண்ணத்தை நடத்திய நான்கு நாடுகளில் ஒன்று என்பதால் தகுதிச் சுற்று இல்லாமலே உள்ளே போனோம். புக்கிட் ஜாலில் அரங்கத்தில் சீனாவிடம் 1–5, உஸ்பெகிஸ்தானிடம் 0–5, ஈரானிடம் 0–2.

2022 ஜூன் மாதம் அதே புக்கிட் ஜாலிலில் தகுதிச் சுற்று. பயிற்றுநர் கிம் பான் கோன், அதுவும் கொரியர். துர்க்மெனிஸ்தானை 3–1, பஹ்ரைனிடம் 1–2, கடைசி நாளில் வங்காளதேசத்தை 4–1. குழுவில் இரண்டாமிடம். ‘42 ஆண்டுகளுக்குப் பிறகு சொந்த முயற்சியில்’ என்று எல்லாப் பத்திரிகையும் எழுதின, உண்மையும் அதுதான். நானும் சித்தப்பாவும் எல்.ஆர்.டி. ரயிலில் தொங்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம். விசில் ஊதியதும் பக்கத்தில் எல்லோரும் குதிக்க, அவர் என் காதருகே வந்து, “ரெண்டாவது வந்தாலே போதுமா?” என்று கேட்டார். போதும். ஆசியக் கிண்ணம் இப்போது 24 அணிகள். அந்தச் சுற்றில் ஆறு குழுக்களின் முதலிடத்தாரோடு, இரண்டாமிடம் பெற்ற ஆறு பேரில் ஐந்து பேருக்கும் இடம் இருந்தது. 1980 கிண்ணத்தில் மொத்தமே பத்து அணிகள். அதே வருஷ ஒலிம்பிக் தகுதிச் சுற்றிலோ, கொரியாவை 3–0 என்று அடித்து முதலிடம் பிடித்தவர்களை மறுபடி ஆடச் சொன்னார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைத்து ‘42 ஆண்டு’ என்று எண்ணுவது அந்தப் பழைய அணிக்கு நியாயமில்லை. கதவு அகலமாகிவிட்டது. அகலமான கதவுக்குள்ளும் 2022 வரை நுழைய முடியவில்லை என்பதுதான் கவலைப்பட வேண்டிய எண்.

2024 ஜனவரியில் கத்தாரில் ஜோர்டானிடம் 0–4, பஹ்ரைனிடம் கடைசி மூச்சில் 0–1. வெளியேறியாகிவிட்டது. மிச்சம் கொரியா. உலகத் தரவரிசையில் அவர்கள் 23, நாம் 130. பினாங்குப் பையன் ஃபைசால் ஹலிம் ஒரு கோல், அரிஃப் ஐமான் பெனால்டியில் ஒன்று, இழப்பீட்டு நேரம் பதினைந்து நிமிடம் ஓடியபோது ரொமெல் மொராலெஸ் ஒன்று. 3–3. ஆசியக் கிண்ண இறுதிச் சுற்றுகளில் மலேசியாவும் கொரியாவும் இரண்டே முறைதான் மோதியிருக்கின்றன: 1980, 2024. இரண்டிலும் கொரியாவால் நம்மை வெல்ல முடியவில்லை.

அதற்குப் பிந்திய அத்தியாயம் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. 2025 ஜூன் மாதம் வியட்நாமை 4–0 என்று வென்றோம். செப்டம்பரில், வம்சாவளி என்று சொல்லிச் சேர்க்கப்பட்ட ஏழு ஆட்டக்காரர்களின் ஆவணங்கள் போலியாக மாற்றப்பட்டவை என்று ஃபிஃபாவின் ஒழுங்குக் குழு முடிவு செய்தது. ஏழு பேருக்கும் பன்னிரண்டு மாதத் தடை, மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதம். ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழுவும் அதை மாற்றவில்லை. பாட்டன் பிறந்த ஊரை ஆவணத்தில் தேடிய இந்த வேலையையும், ஆறுமுகம் சந்தோக் சிங்கின் முதுகைப் பார்த்தே பந்து எங்கே வரும் என்று தெரிந்துவைத்திருந்த அந்தப் பழக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

வாழையிலைக்கு முன்னால் இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. குவைத்தின் நான்கு ஆட்டங்களை மட்டும் சொன்னேன். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டு வந்தார். இலையை மூடப் போனவர், மறுபடி திறந்தார்.

“கொரியாகூட எவ்ளோன்னு சொன்ன?”

“ஒண்ணுக்கு ஒண்ணு.”

“சா பும் குன் இருந்தானா?”

“இல்ல சித்தப்பா, அவர் அப்பவும் ஜெர்மனியிலதான்.”

“அப்ப கத்தார்கூட என்னாச்சு? அது எப்படிடா ஒண்ணுக்கு ஒண்ணு?” என்று கேட்டுவிட்டு, மோர் கேட்டுக் கையைத் தூக்கினார்.